ஃபோல்டர் நடுவுல ஒரு யென்

ஜப்பானிய விண்டோஸ் ஓடுற ஒரு பழைய கம்ப்யூட்டர்ல கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்தீங்கன்னா, சி எழுத்து, ரெண்டு புள்ளி, அப்புறம் பேக்ஸ்லாஷ் இருக்கணும் இல்லையா? அங்கே இருக்காது. யென் குறி நிக்கும். ஆமா, ஜப்பான் பணம்தான். ஃபோல்டர் பேருக்கு நடுவுல காசு எதுக்கு?

இதுக்கு 1960-கள் வரைக்கும் போகணும். அமெரிக்காவோட ஆஸ்கி அட்டவணையில மொத்தம் 128 இடம்தான். பேக்ஸ்லாஷுக்கு 92-ம் எண். அந்தந்த நாடு தனக்கு வேண்டிய குறியை வெச்சுக்கட்டும்னு சில இடங்களைச் சர்வதேசத் தரநிலை விட்டுக்கொடுத்தது. 92-ம் அதுல ஒண்ணு. ஜெர்மனி அங்கே மேல ரெண்டு புள்ளி வெச்ச ஓ-வைப் போட்டது. ஜப்பான் 1969-ல யென்னைப் போட்டது. அன்னைக்கு அது தப்பே இல்ல. பேக்ஸ்லாஷ் யாருக்கு வேணும்? கணக்கு எழுத யென் வேணும்.

வினை வந்தது 1983-ல. எம்எஸ்-டாஸ் 2.0-லதான் ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் வைக்கிற வசதி வந்தது. பாதையைப் பிரிக்கச் சாதாரண ஸ்லாஷைப் போடலாம்னா, கமாண்டுக்கு ஆப்ஷன் கொடுக்கிற வேலையில அது ஏற்கெனவே மாட்டியிருந்தது. அதனால பேக்ஸ்லாஷ், அதாவது 92. ஜப்பான் திரையில அது யென்.

பார்க்க வேடிக்கையா இருக்கு, அவ்வளவுதானேன்னு தோணும். ஆனா காஞ்சி எழுத்து ஆயிரக்கணக்குல இருக்கே! அதனால ஷிஃப்ட் ஜிஸ் முறையில ஒரு எழுத்துக்கு ரெண்டு எண். அந்த ரெண்டாவது எண் சில எழுத்துக்கு 92-ஆவே வந்துடும். கதகானாவில 'ஸோ' அப்படித்தான். ஜப்பான்ல சாஃப்ட்வேரைச் சுருக்கி 'ஸோஃப்தோ'ன்னு சொல்றாங்க. முதல் எழுத்தே அதுதான்! ஜப்பானுக்குன்னு மாத்தி எழுதாத ஒரு புரோகிராம் அந்தப் பேரைப் படிச்சா, எழுத்தைப் பாதியில வெட்டி, இங்கே ஒரு ஃபோல்டர் முடியுதுன்னு நினைச்சுக்கும். ஃபைல் திறக்காது. மெனுவை மொழிபெயர்த்தா ஜப்பானிய எடிஷன் ஆயிடாது. எழுத்தைப் படிக்கிற ஒவ்வொரு இடத்துலயும் உள்ளே கை வைக்கணும்.

யூனிகோட் வந்தப்ப யென்னுக்கும் பேக்ஸ்லாஷுக்கும் தனித்தனி எண் கிடைச்சுது. அப்பவாவது சரி பண்ணியிருக்கலாமே? பழைய ஃபைல்ல 92 இருக்கு. அது 5000 யென்னுக்கு முன்னாடி வந்த பணமா, ஃபோல்டர் பாதையா? மெஷினுக்குத் தெரியாது. எல்லாத்தையும் யென்னா மாத்தினா பாதை உடையும், பேக்ஸ்லாஷா மாத்தினா விலைப்பட்டியல் கெடும். மைக்ரோசாஃப்ட் எண்ணைத் தொடாம, ஜப்பானிய ஃபான்ட்ல மட்டும் அந்த இடத்துல யென்னையே வரைஞ்சு வெச்சது. தமிழ் ஃபான்ட் இல்லாத மெஷின்ல பழைய தமிழ் ஃபைலைத் திறந்தா இங்கிலீஷ் எழுத்தா கொட்டுமே, டிடிபி சென்டர் வெச்சிருந்தவங்களைக் கேளுங்க, அதே கதைதான்: எண் ஒண்ணு, படம் வேற.

கொரியாவுலயும் இதே 92, அங்கே வோன் குறி. எம்எஸ் காதிக் ஃபான்ட் உங்ககிட்ட இருந்தா, பேக்ஸ்லாஷை ஒரு தடவை தட்டிப் பாருங்க.