விடுபட்ட ஒரு கோடு: மரைனர் 1 விண்கலத்தின் கதை

கணக்குத் தேர்வில் ஒரு குறியை விட்டுவிட்டால் அரை மதிப்பெண் போகும். 1962ல் அப்படி விடுபட்ட ஒரு சிறு கோடு, ஒரு விண்கலத்தையே காவு வாங்கியது.

விண்வெளிப் போட்டியில் அப்போது சோவியத் யூனியன்தான் முந்திக்கொண்டிருந்தது. 1961 பிப்ரவரியில் அது வெள்ளி கிரகத்தை நோக்கி வெனேரா 1 விண்கலத்தை அனுப்பியது. ஆனால் பாதி வழியிலேயே தொடர்பு அறுந்துவிட்டது. ஆக, வேறொரு கிரகத்திலிருந்து முதலில் தகவல் பெறும் பெருமை இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை. அதைப் பிடிக்க நாசா அவசரமாகத் தயாரித்ததுதான் மரைனர் 1. எடை சுமார் 200 கிலோ. ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரட்டைப் பிள்ளை போல மரைனர் 2ம் தயாரானது.

1962 ஜூலை 22 அன்று, கேப் கனாவரலில் இருந்து அட்லஸ்-அஜீனா ராக்கெட் மரைனர் 1ஐச் சுமந்து கிளம்பியது. சிறிது நேரத்தில் ராக்கெட் பாதை மாறத் தொடங்கியது. மக்கள் வாழும் இடத்திலோ கப்பல்கள் செல்லும் வழியிலோ விழுந்தால் பேராபத்து. எனவே 293வது நொடியில் பாதுகாப்பு அதிகாரி அதை வெடிக்கச் செய்தார். இன்னும் ஆறு நொடி தாமதித்திருந்தால் மேலடுக்கு பிரிந்து போயிருக்கும். பிறகு அழிக்கவே முடியாது!

என்னதான் நடந்தது? தவறுகள் இரண்டு. முதலாவது, ராக்கெட்டின் வேகத்தை அளக்க உதவும் கருவி சரியாக வேலை செய்யவில்லை. இரண்டாவது, தரையில் இருந்த கணினிக்கான சமன்பாட்டில் ஒரு எழுத்தின் மேல் இருக்க வேண்டிய கோடு விடுபட்டிருந்தது. புள்ளியியலில் சராசரியைக் குறிக்க 'எக்ஸ் பார்' என்று எழுதுகிறோமே, ஏறக்குறைய அது போன்ற கோடுதான். ஏற்ற இறக்கங்களைச் சமப்படுத்திய மதிப்பை எடுத்துக்கொள் என்பது அதன் பொருள். அது இல்லாததால் சாதாரண சிறு ஏற்ற இறக்கங்களையும் கணினி பெரிய பிழையாக எண்ணியது. நேராகப் போன ராக்கெட்டை, திருத்துகிறேன் என்று இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டது. கருவி மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் இந்தக் கோடு விடுபட்டது வெளியே தெரிந்திருக்காது.

ஃபோர்ட்ரான் நிரலில் கமாவுக்குப் பதில் புள்ளி வைத்ததால்தான் மரைனர் 1 அழிந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையல்ல. வேறொரு திட்டத்தில் நடந்த தவறு இதனுடன் கலந்துவிட்டது.

நாசா சோர்ந்துவிடவில்லை. சமன்பாட்டைத் திருத்தி, 36 நாட்களில், ஆகஸ்ட் 27 அன்று, மரைனர் 2ஐ ஏவியது. அந்த ராக்கெட்டும் நடுவில் கட்டுப்பாடு இழந்து உருண்டது. நல்லவேளையாகத் தானே சரியானது. டிசம்பர் 14 அன்று மரைனர் 2 வெள்ளியை 35,000 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் கடந்தது. மேகத்துக்கு அடியில் ஈயமே உருகும் அளவு வெப்பம் என்று அதன் அளவீடுகள் காட்டின. வேறொரு கிரகத்திலிருந்து வெற்றிகரமாகத் தகவல் அனுப்பிய முதல் விண்கலம் அதுவே.

இன்று எல்லோருக்கும் நினைவிருப்பது மரைனர் 2தான். ஆனால் அதற்கு வழியைச் சரிசெய்து கொடுத்தது, ஐந்து நிமிடம்கூடப் பறக்காத அதன் அண்ணன்.