98க்கு 38: அடுத்த வருடம் நடந்தது

பிள்ளைகளுக்கு நாம் அடிக்கடி சொல்லும் விளையாட்டு வரலாறு இது.

2017 மார்ச் 31. அமெரிக்காவின் டலஸ் நகரில் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்தாட்ட அரையிறுதி. ஒரு பக்கம் கனெக்டிகட். 2014 நவம்பரில் ஸ்டான்போர்டிடம் தோற்ற பிறகு, தொடர்ந்து 111 ஆட்டங்களில் வென்ற அணி. மறுபக்கம் மிசிசிப்பி ஸ்டேட். முந்திய வருடம்தான் இதே கனெக்டிகட்டிடம் 98க்கு 38 என்று தோற்றிருந்தார்கள்.

ஆட்டத்துக்கு முன்பு அநேகர் போட்ட கணக்கு லேசானது: 112ஆவது வெற்றி.

ஆட்டம் சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்குப் போனது. கடைசி நொடியில், 5 அடி 5 அங்குல உயரமான மோர்கன் வில்லியம், தன்னைவிட உயரமானவரின் கைக்கு மேலால் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. 66க்கு 64. இறுதியாட்டத்தில் சவுத் கரோலைனாவிடம் அவர்கள் தோற்றார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் அந்த 60 புள்ளி வித்தியாசம் ஒரே வருடத்தில் அழிந்திருந்தது.

நாமும் போன தவணைப் புள்ளியை வைத்தே பிள்ளையின் அடுத்த தவணையை முடிவு செய்துவிடுகிறோம். ஆசிரியர்களும்தான், பெற்றோரும்தான். இம்முறை தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வந்தால், ஏசுவதற்கு முன் பிள்ளையோடு உட்கார்ந்து, எந்தப் பாடத்தில் எங்கே விளங்கவில்லை என்று கேட்போம்.