மூலிகையின் வீரியமும் அதன் உறையும்

மருந்துக்கும் ஆயுள் உண்டு என்பதைச் சித்த மருத்துவர்கள் பண்டே வரையறுத்து வைத்தனர். சாறும் குடிநீரும் கற்கமும் ஒரு சாமம், அஃதாவது 3 மணி நேரம் மட்டுமே பயன் தருவன. சூரணத்துக்கு 3 மாதம். நெய்க்கும் இளகத்துக்கும் மணப்பாகுக்கும் 6 மாதம். எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் ஓராண்டு. மெழுகுக்கு 5 ஆண்டு. இவ்வரிசையை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். ஒரே தூதுவளை இலை நீரில் கிடந்தால் ஒரு சாமமும், உலர்ந்து பொடியானால் 3 மாதமும், பாகிலோ நெய்யிலோ மூழ்கினால் அரையாண்டும் வீரியத்தோடிருக்கும் என்பது கணக்கு. இலை ஒன்றே, அதனைச் சூழ்ந்திருக்கும் பொருளே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

தீவகத்து மக்களுக்கு இக்கணக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காயாக இருந்ததில்லை. புங்குடுதீவைச் சேர்ந்த இறுப்பிட்டியை எடுத்துக்கொள்வோம். ஐப்பசி முதல் பெய்யும் மாரியில் தளிர்க்கும் சிறு பூண்டுகள் சித்திரை வெயிலில் தரையோடு கருகிவிடும். தீவை வேலணையோடு இணைக்கும் வாணர் பாலம் அமைவதற்கு முன்னர், வெளியூர் செல்லத் தோணியன்றி வேறு வழியில்லை. கடல் கொந்தளித்துத் தோணி ஓடாத நாளில் குழந்தையின் நெஞ்சில் சளி இறுகினால், பரியாரியாரின் பெட்டியில் இருப்பதே மருந்து. அப்பெட்டிக்கும் ஒரு பகை இருந்தது. உப்பு ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. கடற்காற்றுப் புகுந்த சூரணம் கட்டிபட்டு, மணமிழந்து, பூசணம் பூக்கும். பனங்கட்டிப் பாகும் தேனும் நெய்யும் கூட்டி இளகமாக்குவது சுவைக்காக மட்டுமன்று என்பது இவ்விடத்தில் விளங்கும்.

செய்முறைகள் ஏடுகளிற் காக்கப்பட்டன. யாழ்ப்பாண அரசர் பெயரால் வழங்கும் பரராசசேகரம் என்னும் மருத்துவ நூலை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சேற்றியது பெருந்தொண்டு. ஆயின், வீரியம் ஏன் குன்றுகிறது என்னும் வினாவுக்கு விரிவான விடை இரசாயனவியலிலிருந்தே கிடைத்தது. 1815இல் வோகல், பெல்லெற்றியர் என்னும் இருவர் மஞ்சளிலிருந்து அதன் நிறப்பொருளைப் பிரித்தெடுத்தனர். 1910இல் அதன் அமைப்புத் தெளிவாயிற்று. குர்க்குமின் எனப்படும் அப்பொருள் ஒளியிற் சிதைவது. துணியிற் பட்ட மஞ்சட் கறை வெயிலில் வெளிறுவதை அறியாத இல்லத்தரசி யார்? மூலிகைகளிலுள்ள பீனோலியச் சேர்வைகள் பலவற்றின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஒட்சியேற்றத்தைத் தடுப்பவை தாமே முந்திக்கொண்டு ஒட்சியேற்றமடைகின்றன. பிறவற்றைக் காக்க வல்லது தன்னைக் காத்துக்கொள்ள மாட்டாது! ஒளி, வெப்பம், ஈரம், ஒட்சிசன் ஆகிய நான்கும் அதனை அழிப்பன.

இதற்கு மாற்று மருந்துச்சாலையிற் பிறக்கவில்லை என்பது இவ்வரலாற்றின் விந்தை. நீர்மத்தை வெப்பக் காற்றில் தூவிப் பொடியாக்கும் முறைக்குச் சாமுவேல் பேர்சி என்பவர் 1872இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கரைசலிலுள்ள கூழ்ப்பொருள் நுண்துளிகளாகப் பிரிந்து திரளும் இயல்பை ஒல்லாந்து நாட்டுப் பங்கன்பேர்க் டி யொங், குரைற் ஆகியோர் 1929இல் விளக்கினர். இவ்வியல்பைப் பயன்படுத்தி, பணப்பதிவுப் பொறி செய்யும் அமெரிக்கக் கம்பனி ஒன்றில் பணிபுரிந்த பரற் கிறீன் என்பவர், மைத் துளிகளை ஜெலற்றினும் வேலம்பிசினும் கொண்ட நுண்ணிய உறைகளுள் அடைத்தார். எழுதுகோல் அழுத்தும் இடத்தில் உறை உடைந்து, அடித்தாளில் எழுத்துத் தோன்றும். கரித்தாள் வேண்டாத அந்தப் படித்தாள் 1954இல் விற்பனைக்கு வந்தது. பற்றுச்சீட்டுக்காகப் பிறந்த வித்தை பின்னர் மருந்துக்கும் உணவுக்கும் வந்து சேர்ந்தது.

மூலிகைச் சாற்றை வேலம்பிசின் கரைசலோடு கலந்து, 150 முதல் 200 பாகை வெப்பமுள்ள காற்றில் தூவுவர். சாறு வெந்துவிடாதோ என ஐயம் எழலாம். நீர் ஆவியாகும்போது துளியின் வெப்பத்தை எடுத்துச் செல்வதால், உட்பொருள் அவ்வளவு சூடேறுவதில்லை. சில நொடிகளில் சாறு பிசினுக்குள் அகப்பட்ட பொடி கிடைக்கும். இதற்குப் பெரும் பொறி வேண்டும். எளிய முறையும் ஒன்றுண்டு. பழுப்புக் கடற்சாதாளையிலிருந்து பெறப்படும் அல்ஜினேற் என்னும் பசையில் சாற்றைக் கலந்து, கல்சியங் குளோரைட்டுக் கரைசலிற் சொட்டச் சொட்ட, ஒவ்வொரு சொட்டும் மணியாக உறையும். ஸ்ரான்போர்ட் என்பவர் 1881இல் பிரித்தறிந்த இப்பசை வயிற்றின் அமிலத்திற் சுருங்கி, குடலிற் பருத்துத் திறந்துகொள்ளும். வீரியத்தைக் காக்கும் உறை உரிய இடத்தில் அதனை விட்டுக்கொடுக்கவும் வேண்டுமன்றோ? அத்தகைய சாதாளை யாழ்ப்பாணக் கரையோரத்திலும் வளர்கின்றது.

இவற்றைக் கொண்டு, நம் முன்னோர் நுண்ணுறையை அறிந்திருந்தனர் என முழங்குவது மிகை. அவர்கள் அறிந்தது, சூழும் பொருளால் ஆயுள் நீளும் என்னும் அனுபவ உண்மை. பரிசோதனைக் குழாயில் ஒட்சியேற்றத்தைத் தடுத்தது உடலிலும் நோயைத் தடுக்கும் என எண்ணுவதும் அதே வகை மிகையே. தவறான செடியை எத்துணை அழகாக உறையிட்டாலும் அது தவறான செடிதான். செய்யத்தக்கது, பழைய ஆயுட்கணக்கை அளந்து பார்த்தல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. ஒரே தூதுவளையைச் சூரணமாகவும், பனங்கட்டி இளகமாகவும், அல்ஜினேற் மணியாகவும் செய்து, இறுப்பிட்டிக் கரையின் உப்புக்காற்றில் ஒரு மாரியும் ஒரு கோடையும் வைத்து, மாதந்தோறும் எஞ்சிய வீரியத்தைக் கணிப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை.