128 பைட்டுகளில் ஒரு கையொப்பம்

ஒரு தொழிலின் வரலாற்றை அதன் கருவிகளைக் கொண்டு அறியலாம். அதில் உழைத்தோரின் பெயர்கள் வெளிப்பட்டனவா, மறைக்கப்பட்டனவா என்பதைக் கொண்டும் அறியலாம். பெயர் அச்சேறாத மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எங்களுக்கு இரண்டாவது வழியில் ஈடுபாடு மிகுதி.

1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம், தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் விளையாட்டுப் பொறி ஒன்றை வெளியிட்டது. பின்னாளில் அட்டாரி 2600 எனப்பட்ட அதன் நினைவகம் 128 பைட்டுகளே. முழுப் படத்தையும் சேமித்து வைக்க அதில் இடமில்லை. ஆகவே தொலைக்காட்சியின் மின்கதிர் திரையில் கோடு கோடாக வரைந்து செல்லும்போதே, அடுத்த நிறத்தையும் வடிவத்தையும் நிரலானது எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைக்கும் அவகாசம் 76 துடிப்புகள். ஒரு நிற எண்ணை எடுக்க 2, உரிய இடத்தில் வைக்க 3, ஆக 5 துடிப்புகள் செலவாகும். ஒரு துடிப்பு பிசகினால் திரையில் 3 புள்ளிகள் பிசகும். இக்கணக்கைக் காப்பதற்காகவே, பொறியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் அசெம்பிளி மொழியை நிரலாளர் கையாண்டனர்.

இத்துணை நுட்பமாக உழைத்தும் அவர்கள் பெயரை அட்டாரி வெளியிடவில்லை. 1980இல் வெளிவந்த 'அட்வெஞ்சர்' விளையாட்டில் வாரன் ராபினெட் என்பவர் இரகசிய அறையொன்றை அமைத்து, அதனுள் தம் பெயரை ஒளித்துவைத்தார். அதற்கு முன்னரே, 1979இல், நிரலாளர் சிலர் விலகி ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தனர். அங்கே ஆக்கியோனின் பெயர் வெளிப்படையாக அச்சிடப்பட்டது. அவர்களுள் ஒருவரான டேவிட் கிரேன் 1982இல் இயற்றிய 'பிட்ஃபால்' விளையாட்டின் 255 காட்சிகள் ஒவ்வொன்றாகச் சேமிக்கப்பட்டவை அல்ல; ஒரு சிறு கணித முறையால் அவ்வப்போது தோற்றுவிக்கப்பட்டவை.

இதே வேட்கை 1980களில் ஐரோப்பாவில் வேறு வடிவம் கொண்டது. வீட்டுக் கணினிகளுக்கான விளையாட்டுகளின் காப்புப் பூட்டை உடைத்துப் பரப்பிய இளைஞர், தம் குழுவின் புனைபெயர் தாங்கிய சிறு முகப்புக் காட்சியை முன்னே சேர்த்தனர். சட்டத்துக்குப் புறம்பான அச்செயலிலிருந்து பிரிந்து, அம்முகப்பே 'டெமோ' என்னும் தனிக்கலையாயிற்று. அதில் ஆட்டம் இல்லை. படமும் இசையும் திறமையுமே உண்டு. பின்லாந்து 2020இலும், ஜெர்மனி 2021இலும் அதனைத் தம் பண்பாட்டு மரபுப் பட்டியல்களில் சேர்த்தன.

அந்த அட்டாரிப் பொறிக்கே இன்றும் ஆர்வலர் டெமோக்களை இயற்றுகின்றனர். துடிப்புகள் 76 தாம். பைட்டுகள் 128 தாம். ஆயினும் இப்போது ஆக்கியோர் தம் பெயரை ஒளித்துவைப்பதில்லை, திரையிலேயே எழுதுகின்றனர்.