உருக்கும் ஐதரசனும்: ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

உலோகத்தின் இயல்பு வரலாற்றுக்கு அப்பாற்பட்டது எனக் கருதுவது பொதுவழக்கு. ஐதரசன் உருக்கை நொறுங்கச் செய்யும் என்ற அறிவு வளர்ந்த விதமோ இக்கருத்தை ஐயுறவைக்கின்றது.

1875இல் டபிள்யூ. எச். ஜோன்சன் என்பார் இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். அமிலத்திற் சிறிதுநேரம் தோய்த்த இரும்புக்கம்பி வளைக்கும்போது முறிகின்றது. முறிந்த முகத்தை நனைத்தால் குமிழிகள் எழுகின்றன. நாட்செல்லக் கம்பி பழைய உறுதியை மீளப்பெறுகின்றது. இரும்பினுட் புகுந்த ஐதரசனே இதற்குக் காரணம் என்றார் அவர். இம்மாற்றத்தின்பால் தம் கவனம் ஈர்க்கப்பட்டதாகக் கட்டுரை தொடங்குகின்றது. ஈர்த்தவர் யார்? செயப்பாட்டுவினை அவரை மறைத்துவிடுகின்றது. துருநீக்கக் கம்பியை அமிலத்தொட்டியில் இடுவது கம்பித் தொழிற்சாலைகளின் அன்றாட வேலை. முறிவை முதலில் உணர்ந்தது தொழிலாளியின் கையே என்பது என் ஊகம்.

பெருந்தொழில் இப்பிரச்சினையை நேர்நின்று எதிர்கொண்டது ஜேர்மனியிலாகும். நைதரசனையும் ஐதரசனையும் இணைத்து அமோனியா ஆக்குதற்கு 200 வளிமண்டல அளவு அமுக்கமும் 500 பாகை செல்சியசை எட்டும் வெப்பமும் வேண்டியிருந்தன. காள் பொஷ் அமைத்த பரிசோதனைக் குழாய்கள் ஏறத்தாழ 80 மணித்தியாலத்தில் வெடித்தன. வெட்டிப் பார்த்தபோது உருக்கின் உட்புறத்தே காபன் நீங்கியிருந்தது. ஐதரசன் அதனைக் கவர்ந்து மெதேனாக மாறியிருந்தது. 1911இல் பொஷ் கண்ட தீர்வு வியக்கத்தக்க எளிமையுடையது. உள்ளே காபன் குறைந்த மெல்லிரும்பு உறை. வெளியே அமுக்கத்தைத் தாங்கும் உருக்கு. உறையைக் கடந்துவரும் ஐதரசன் வெளியேற அவ்வுருக்கிற் சிறு துளைகள். 1913இல் ஒப்பாவ் ஆலை இயங்கத் தொடங்கியது. பசளைக்கென எழுந்த அவ்வாலை, போர் மூண்டபின் வெடிமருந்துக்கு மூலப்பொருள் வழங்கியது.

இன்று ‘தூய’ எரிபொருளாகப் பேசப்படும் ஐதரசன் குழாய்வழிச் செல்வது சாதாரண வெப்பநிலையிலாகும். அங்கு மெதேன் தோன்றுவதில்லை. ஜோன்சன் கண்ட பழைய நோயே மீள்கின்றது: அணுக்களாகப் பிரிந்த ஐதரசன் உருக்கினுட் சென்று, தகைப்பு மிகுந்த வெடிப்பு நுனிகளிற் சேர்கின்றது. அமுக்கம் ஏறியிறங்குந்தோறும் வெடிப்பு விரைந்து வளர்கின்றது. வலிமைமிக்க உருக்குகளே இதற்கு எளிதில் இரையாகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

2024 ஒக்டோபரில் ஜேர்மனி 9,040 கிலோமீற்றர் ஐதரசன் குழாய்வலைக்கு அனுமதி அளித்தது. அதில் ஏறக்குறைய 60 வீதம் பழைய எரிவாயுக் குழாய்களாகும். அவற்றின் ஒட்டுகளையும் பழைய வெடிப்புகளையும் சோதித்தறிவது பொறியியலாளர் பொறுப்பு. முதலீடு பாவனையாளர் கட்டணத்தால் மீட்கப்படவுள்ளது; 2055இல் குறைவிருப்பின் அதன் பெரும்பகுதியை அரசே ஏற்கும். பொஷின் குழாய் வெடித்தபோது நட்டம் கம்பனியின் கணக்கில் எழுதப்பட்டது.