தொடர்கதை பைண்டு

வார இதழ்த் தொடர்கதையின் பக்கங்களை வாரந்தோறும் பிரித்தெடுத்துச் சேர்த்து, குடும்பத்துக்கென்று தைத்துக்கொண்ட தொகுப்பு. சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர் வீடுகளில் பரணுக்குப் பரண் இருந்தது. 1950களில் ‘கல்கி’யில் மணியம் ஓவியங்களோடு வந்த ‘பொன்னியின் செல்வன்’ இவ்வகையில் புகழ்பெற்றது. பக்கங்களை நூலால் தைத்து, காலிகோ முதுகும் அட்டையும் மைதாப் பசையால் ஒட்டுவர். பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. கதை எந்தப் பதிப்பிலும் கிடைக்கும். அக்கால விளம்பரங்களும் முதல் பக்கத்தில் பாட்டி எழுதிய பெயரும் இதில் மட்டுமே உண்டு. தாளிலுள்ள அமிலத்தால் பக்கங்கள் பழுத்து நொறுங்கும். அதைத் தடுக்க லேமினேஷன் செய்வது பெருந்தவறு, பிறகு பிரிக்க முடியாது. லஸ் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளுக்கும் இவை வந்ததுண்டு. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் இதழ்களைப் பாதுகாத்துவருகிறது.