ஒரு 'ஸ்' சேர்ந்த கதை: ஃபேலாவிலிருந்து 'எசன்ஸ்' வரை

ஆஃப்ரோபீட் வேறு, ஆஃப்ரோபீட்ஸ் வேறு. முன்னது, 1960களின் கடைசியில் ஃபேலா குட்டியும் அவருடைய டிரம்மர் டோனி ஆலனும் சேர்ந்து உருவாக்கிய இசை. யொரூபாத் தாளம், மேற்கு ஆப்பிரிக்க ஹைலைஃப், ஜாஸ், அமெரிக்கக் கறுப்பர்களின் ஃபங்க் எல்லாம் அதில் உண்டு. பின்னது, லாகோஸிலும் அக்ராவிலும் கம்ப்யூட்டரில் உருவாகி, 2010களின் தொடக்கத்தில் லண்டன் வானொலிக்காரர்களால் பெயர் சூட்டப்பட்ட நடனப் பாட்டு. அந்தப் பெயரைப் பரப்பியவர் என்று டிஜே ஆப்ரன்டீயைச் சொல்வார்கள். கடைசியில் ஒட்டியிருக்கிற 'ஸ்' இலக்கணப்படி பன்மை விகுதிதான். ஆனால் நைஜீரியாவின் ஐம்பது வருஷ வரலாறு அதற்குள் சுருண்டு கிடக்கிறது.

அரசியல் பேசுகிற நண்பர்களிடம் ஃபேலா என்றால் உடனே முகம் மலரும். ராணுவத்தை எதிர்த்தவர், அடிபட்டவர், சிறை போனவர். விஸ்கிட், டெம்ஸ் என்று பேச்செடுத்தால் 'அதுவா, வெறும் ஆட்டம்பாட்டம்' என்று உதட்டைப் பிதுக்கிவிடுவார்கள். இந்தப் பக்கம் கலகக் கலை, அந்தப் பக்கம் சந்தைச் சரக்கு என்கிற இருமை எதிர்வு ரொம்ப வசதியானது. வசதியாக இருப்பதாலேயே அதைச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. நான் இங்கே செய்யப் பார்ப்பது ஒரு சின்ன காரியம். விஸ்கிட்டும் டெம்ஸும் சேர்ந்து பாடிய 'எசன்ஸ்' என்கிற ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அது எந்த நாட்களில் வந்தது, யார் கையில் உருவானது, யார் குரலில் நிற்கிறது என்று வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் நாட்கள். நைஜீரியப் போலீசில் 'சார்ஸ்' என்று ஒரு கொள்ளைத் தடுப்புப் பிரிவு இருந்தது. 1992-இல் தொடங்கப்பட்டது. கொள்ளையைத் தடுத்ததைவிட இளைஞர்களை வழியில் மறித்துப் பணம் பிடுங்கியதும், அடைத்து வைத்துச் சித்திரவதை செய்ததும், சுட்டுக் கொன்றதும்தான் அதன் பெயரைப் பிரபலமாக்கியது. கையில் நல்ல போன், தலையில் சடை, முதுகில் லேப்டாப் பை. இவ்வளவு போதும் சந்தேகத்துக்கு. 2020 அக்டோபரில் 'எண்ட் சார்ஸ்' என்று இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஃபால்ஸ், ரன்டவுன் போன்ற பாடகர்கள் லாகோஸில் ஊர்வலத்தில் நடந்தார்கள். விஸ்கிட் லண்டனில் நடந்த போராட்டத்தில் நின்றார். அக்டோபர் 11-ஆம் தேதி சார்ஸ் கலைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. யாரும் நம்பவில்லை, இதற்கு முன்னாலும் இப்படிப் பல அறிவிப்புகளைப் பார்த்தவர்கள் அவர்கள். அக்டோபர் 20 இரவு, லாகோஸின் லெக்கி சுங்கச்சாவடியில் தேசியக் கொடியை ஏந்தி தேசிய கீதம் பாடிக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் ராணுவம் சுட்டது. லெக்கி, அலாவுசா இரண்டு இடங்களிலுமாகக் குறைந்தது 12 பேர் செத்தார்கள் என்றது ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல்.

விஸ்கிட்டின் 'மேட் இன் லாகோஸ்' தொகுப்பு அந்த மாதத்தின் நடுவில் வருவதாக இருந்தது. போராட்டத்தை ஒட்டித் தள்ளிவைக்கப்பட்டு அக்டோபர் 30-ஆம் தேதி வந்தது. லெக்கி ரத்தம் காய்ந்து பத்தே நாள். அந்தத் தொகுப்பில் ஒரு பாட்டுதான் 'எசன்ஸ்'. அதில் போலீஸ் கிடையாது, ராணுவம் கிடையாது. ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்பி அழைத்துக்கொள்கிற, அவசரமே இல்லாத காதல் பாட்டு. அவ்வளவுதான்.

அப்படின்னா ஃபேலாவின் நைஜீரியா போய் வேறு நைஜீரியா வந்துவிட்டதா? இல்லை. ஆட்களே மாறவில்லை. 1984-இல் வெளிநாட்டுப் பணம் வைத்திருந்ததாகச் சொல்லி ஃபேலாவை விமான நிலையத்தில் பிடித்து ஐந்து வருஷத் தண்டனை கொடுத்தது ராணுவ ஆட்சி. அப்போது ஆட்சித் தலைவர் மேஜர் ஜெனரல் முகமது புஹாரி. 2020 அக்டோபரில் லெக்கியில் சுட்டபோது தேர்தலில் ஜெயித்த குடியரசுத் தலைவரும் அதே புஹாரிதான். சீருடை போய் அங்கி வந்தது, அவ்வளவே.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1977 பிப்ரவரி 18-ஆம் தேதி, ஃபேலாவின் 'கலகூட்டா குடியரசு' என்கிற வீட்டைப் படையெடுப்பு மாதிரி சிப்பாய்கள் சூழ்ந்து தீ வைத்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய அவருடைய தாயாரை மாடி ஜன்னலிலிருந்து தூக்கி எறிந்தார்கள். காயத்திலிருந்து மீளாமல் அடுத்த வருஷம் ஏப்ரலில் அவர் இறந்தார். விசாரணை வைத்தார்கள். தீ வைத்தது யாரோ அடையாளம் தெரியாத சிப்பாய் என்று முடிந்தது. ஃபேலா அந்தத் தீர்ப்பையே தலைப்பாக்கி ஓர் இசைத்தட்டு போட்டார். 2020-இலும் ராணுவம் முதலில் லெக்கிச் செய்தியெல்லாம் பொய் என்றது. அப்புறம் அங்கே போனது உண்மைதான், ஆனால் வெற்றுத் தோட்டாதான் என்றது. சுட்டவனுக்கு முகம் இல்லாமல் செய்கிற அதிகாரத்தின் இந்தச் சொல்லாடல் நாற்பத்து மூன்று வருஷத்தில் துளியும் மாறவில்லை.

மாறியது வேறொன்று. அது இசை உற்பத்தி. ஃபேலாவின் பாட்டு ஒன்று இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். ஊதுகருவிக்காரர்கள், கிடார்க்காரர்கள், தாளக்காரர்கள், கோரஸ் பெண்கள் என்று ஒரு பட்டாளம் வேண்டும். பட்டாளத்துக்கு இடம், சாப்பாடு, சம்பளம், இறக்குமதி வாத்தியம் எல்லாம் வேண்டும். 1986-இல் பாபங்கிடாவின் ராணுவ ஆட்சி கட்டமைப்புச் சரிசெய்தல் திட்டத்தைக் கொண்டுவந்தது. நைரா விழுந்தது. வாத்தியம் வாங்க முடியாத விலைக்குப் போனது. பன்னாட்டு இசைத்தட்டுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. பெரிய குழுக்கள் கலைந்தன. 1999-இல் சிவில் ஆட்சி திரும்பியபோது வளர்ந்துவந்த தலைமுறையிடம் இருந்தது கம்ப்யூட்டரும், திருட்டு மென்பொருளும், பாட்டைக் காசுக்குக் காசாகப் பரப்பிய அலபா சந்தையின் திருட்டு கேசட், சிடி வியாபாரிகளும்தான்.

ஆக, பெரும் வாத்தியக் குழுவிலிருந்து ஒரு லேப்டாப்புக்கு வந்ததை வெறும் ரசனைச் சரிவு என்று புலம்புவது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பது. உலக வங்கியும் சர்வதேச நிதியமும் சொன்ன பொருளாதாரம் ஓர் ஆர்கெஸ்ட்ராவைக் கலைத்தது. கலைந்த இடத்தில் கிடைத்ததை வைத்துப் பையன்கள் தாளம் போட்டார்கள். 1990-இல் பிறந்த விஸ்கிட், லாகோஸின் சுருலேரேயில் ஓஜுவெலெக்பா என்கிற நெரிசலான பகுதியில் வளர்ந்தவர். 2013-இல் வந்த இவருடைய 'ஜையே ஜையே' பாட்டில் ஃபேலாவின் மகன் ஃபெமி குட்டியே சாக்ஸபோன் வாசித்தார். உறவு அறுந்துபோகவில்லை; பொருள் நிலைமைதான் அறுந்துபோனது.

இப்போது பெண் குரல். நம் ஆட்களுக்குக் கொஞ்சம் உறைக்கிற இடம் இது.

ஃபேலாவின் தாயார் ஃபுன்மிலாயோ ரான்ஸம் குட்டி, மகனின் புகழால் தெரியவேண்டியவர் அல்ல. 1940களில் அபெயோகூட்டாவில் சந்தைப் பெண்களைத் திரட்டி, பெண்கள் மேல் போட்ட வரிக்கு எதிராகச் சங்கம் கட்டியவர். ஆயிரக்கணக்கான பெண்கள் அரண்மனை வாசலில் உட்கார்ந்து, காலனி அரசின் கையாளாக இருந்த அலாக்கேயை வசைப்பாட்டுப் பாடியே நாற அடித்தார்கள். 1949 ஜனவரியில் அவர் அரியணையைவிட்டு இறங்கினார். நைஜீரியாவில் பாட்டு ஆட்சியை இறக்கிய கதை ஃபேலாவோடு தொடங்கவில்லை. அது பெண்கள் கூட்டமாகப் பாடிய பாட்டு.

அந்தத் தாயின் மகன் 1972-இல் 'லேடி' என்று ஒரு பாட்டுப் போட்டார். சமத்துவம் கேட்கிற படித்த பெண்ணைக் கிண்டல் செய்கிற பாட்டு அது. 1978-இல் ஒரே சடங்கில் 27 பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார். 1977-இல் சிப்பாய்களிடம் அடிபட்டு, பாலியல் வன்முறைக்கு ஆளாகி, எல்லாவற்றையும் இழந்து நின்றவர்களும் அந்த வீட்டுப் பெண்கள்தான். அவருடைய மேடையில் பெண் குரல் என்றால் பதில் சொல்கிற கோரஸ். தலைவன் சொல்வான், பெண்கள் ஆமோதிப்பார்கள். ராணுவத்தைக் கட்டுடைத்த பாட்டு, வீட்டுக்குள் இருந்த அதிகாரத்தைத் தொடவில்லை. 'புரட்சிக் கலைஞர்' என்று நாம் தூக்கிப் பிடிக்கிறபோது இதை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட முடியாது.

'எசன்ஸ்' அந்த அமைப்பைத் திருப்பிப் போடுகிறது. பாட்டு விஸ்கிட்டின் பெயரில் வந்தது. டெம்ஸ் 'உடன் பாடியவர்'. ஆனால் கேட்டவர்கள் வாயில் தங்கிய பல்லவி டெம்ஸின் கனத்த, அடித்தொண்டைக் குரலில்தான் இருக்கிறது. 1995-இல் பிறந்த இந்தப் பெண், 2018-இல் வந்த தன்னுடைய முதல் பாட்டின் இசையைத் தானே உருவாக்கியவர். இங்கே பெண் ஆமோதிக்கவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறாள். ஆண் அதைக் கேட்டு நிற்கிறான். இதைப் பெண்ணியப் புரட்சி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே 2020-இல் 'ஃபெமினிஸ்ட் கொயலிஷன்' என்கிற இளம் பெண்கள் குழுதான் எண்ட் சார்ஸ் போராட்டத்துக்கு நிதி திரட்டி, கைதானவர்களுக்கு வக்கீலும், அடிபட்டவர்களுக்கு மருத்துவச் செலவும் பார்த்தது. வங்கிக் கணக்கை முடக்கியபோது பிட்காயினில் வாங்கினார்கள். தெருவில் கோரஸாக நிற்க மறுத்த தலைமுறையும், பாட்டில் கோரஸாக நிற்க மறுத்த குரலும் ஒரே நாட்களுக்குச் சொந்தமானவை. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே காற்றைச் சுவாசித்தவை.

சந்தையை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 'மேட் இன் லாகோஸ்' வந்தது விஸ்கிட்டின் ஸ்டார்பாயோடு சோனியின் ஆர்சிஏ வழியாகவும்தான். 'எசன்ஸ்' 2021 ஜூலையில் அமெரிக்க பில்போர்ட் நூறுக்குள் நுழைந்தது. ஆகஸ்டில் ஜஸ்டின் பீபர் குரல் சேர்த்த இன்னொரு வடிவம் வந்தது. அக்டோபரில் ஒன்பதாம் இடம். கதவைத் திறக்க வெள்ளைக்காரக் குரல் ஒன்று தேவைப்பட்டது என்பதும், பாட்டு ஏற்கெனவே வாசலில் நின்றது என்பதும் இரண்டுமே உண்மை. இதே மாதங்களில்தான் புஹாரி அரசு நைஜீரியாவில் ட்விட்டரை முடக்கி வைத்திருந்தது. 2021 ஜூன் முதல் 2022 ஜனவரி வரை. உலகம் முழுக்க நைஜீரியக் குரல் கேட்டது. நைஜீரியனுக்குப் பேச இருந்த ஒரு பொது இடம் பூட்டியிருந்தது. மூலதனத்துக்கு வேண்டிய நைஜீரியாவும் அரசு விரும்பாத நைஜீரியாவும் இப்படித்தான் பிரித்தெடுக்கப்பட்டன.

பெயர் சூட்டுகிற உரிமையும் இதில் சேர்ந்ததுதான். கிராமி விருதுக்காரர்கள் 'உலக இசை' என்கிற பெயரில் காலனிய வாடை அடிக்கிறது என்று 2020 நவம்பரில் 'குளோபல்' என்று மாற்றினார்கள். அந்தப் புதுப் பெட்டிக்குள் 'எசன்ஸ்' பரிந்துரைக்கப்பட்டது. பரிசு பாகிஸ்தானிப் பாடகி அரூஜ் அஃப்தாபுக்குப் போனது. பெயர் மாறினாலும் பெட்டி பெட்டிதான். 2024-இல் விஸ்கிட்டே தன்னை ஆஃப்ரோபீட்ஸ் என்கிற ஒற்றை வகைக்குள் அடைக்க வேண்டாம் என்றார். லண்டனில் ஒட்டிய 'ஸ்' லாகோஸ்காரனுக்கு இறுக்குகிறது.

லெக்கி விவகாரமும் முடியவில்லை. 2024 ஜூலையில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றம், அந்த இரவில் நைஜீரிய அரசு மனித உரிமைகளை மீறியது என்று தீர்ப்புச் சொன்னது. 'எசன்ஸ்' அந்தத் தீர்ப்புக்கு ஒரு வரிகூட உதவவில்லை. உதவ வேண்டும் என்று ஒரு காதல் பாட்டிடம் நான் கேட்கவும் மாட்டேன். சித்திரவதைக் கொட்டடிக்கு இழுத்துப்போகப்பட்டதே அந்த இளைஞர்களின் உடல்தான். நல்ல உடுப்பும் சடையும் போனும் சேர்ந்த, சந்தோஷமாக இருக்கத் துணிந்த உடல். அந்த உடலுக்கு ஆடவும் விரும்பவும் உரிமை உண்டு என்று பத்தே நாளில் ஒரு பாட்டு வந்து நின்றதை, 'வெறும் ஆட்டம்பாட்டம்' என்று தள்ளுகிறவர்கள் எந்த உடலுக்காகப் போராடுகிறோம் என்று ஒருதரம் யோசித்துப் பார்க்கலாம்.